சந்தனம் பூசிய கேத்திர கணிதம்

இலங்கையில், பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் புத்தகத்தைக் கும்பிட ஆள் உண்டு. படிக்கத்தான் நாதியில்லை. அந்த அசிங்கத்தை நான் கண்ணால் பார்த்தவன்.

பதினேழு வயதில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கணக்கென்றால் எனக்குப் பைத்தியம். பதுளைக்கு ரயில் பாதை போட அளக்க வந்த சர்வேயர் ஒருவர், திருச்சிக்காரர், இதைக் கவனித்துவிட்டார்.

"கேத்திர கணிதம், அதான் கோடு கோணக் கணக்கு, முதல் பாகத்தப் படிச்சிட்டு வா தம்பி. நாங்க இங்கேருந்து கெளம்புறதுக்கு முன்னாடி கேள்வி கேப்பேன். தேறிட்டா என்கூடவே வந்துரு, பௌதிகமும் சொல்லித் தர்றேன்" என்றார்.

பதுளைக் கடைவீதி முழுக்க அலைந்தேன். பஞ்சாங்கம் கிடைத்தது, பல்லி விழும் பலன் கிடைத்தது. கேத்திர கணிதம் எங்கள் பெரிய கங்காணி வீட்டில்தான் இருந்தது. சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகம். அதைச் சாமி மாடத்தில் வைத்திருந்தார்.

"சரஸ்வதியச் சும்மா சும்மா தொடப்புடாதுடா. பூசை முடியட்டும்."

விஜயதசமி காலையில் கொடுத்தார். வாங்கிப் பிரித்தால், சீ! நெய்யும் சந்தனமும் ஊறிப் பூஞ்சணம் பிடித்து, தாளெல்லாம் கரப்பான் எச்சம். அதைக்கூடத் துடைத்துக்கொள்ளலாம். படம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஓட்டை!

ஓடிப்போய்க் கேட்டேன். கங்காணி வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "அதுவா? நம்ம பூசாரி வெட்டிக்கிட்டுப் போனாரு. மூணு மூலைச் சக்கரம், மூலைக்கு மூலை வெள்ளக்காரன் எழுத்து. காய்ச்சலுக்குத் தாயத்துக் கட்டுனா நல்லாக் கேக்குதாம்."

நாசமாய்ப் போக! லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் இடுப்பிலெல்லாம் ஆளுக்கொரு தேற்றம் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

படமில்லாத கேத்திர கணிதத்தை என்ன செய்வது? இந்தக் கோடு அந்தக் கோட்டுக்குச் சமம் என்கிறது. எந்தக் கோடு? ஊகித்து ஊகித்துச் சுவரெல்லாம் கரியால் கிறுக்கினேன்.

சர்வேயரைப் பார்க்கக் கிளம்பியபோது அம்மா ஒரு செம்புத் தாயத்தோடு வந்தாள். "கட்டிக்க சாமி. நீ தேறணும்னு பூசாரிகிட்டச் சொல்லிச் செஞ்சது." அருவருப்பாக இருந்தது. அவள் முகத்துக்காகக் கையை நீட்டினேன்.

"ரெண்டு பக்கம் சமமா இருக்கிற முக்கோணத்துல, அடிக்கோணம் ரெண்டும் ஏன் சமம்? படம் போட்டுக் காட்டு" என்றார் சர்வேயர். முக்கோணத்தைப் போட்டேன். அதற்குமேல் கை ஓடவில்லை.

"பக்கத்தக் கீழ நீட்டணும்னுகூடத் தெரியலையே. புத்தகத்தத் தொறந்தாவது பாத்தியா?"

தாயத்துக் கதையைச் சொல்ல நாக் கூசியது. அவர் கூடாரத்தைச் சுருட்டச் சொல்லிவிட்டார்.

லயத்து வாசலுக்கு வந்ததும் தாயத்தின் மூடியைப் பல்லால் கடித்துப் பிய்த்தேன். உள்ளே மஞ்சள் பூசிய தாள். அதில் அதே முக்கோணம், இரண்டு பக்கமும் கீழே நீண்டிருந்தது.

அம்மா வெளியே வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயையோ, பிரிச்சுட்டியா சாமி! அதான் பலிக்கல."

சாகும்வரை அப்படித்தான் நம்பினாள்.