நன்றியுரைக்கு அப்புறம் வந்த பேச்சாளர்

பேச்சாளரைக் கூட்டி வருவது லேசு. கூட்டம் முடிந்ததும் அவரை நல்ல மனநிலையோடு வீட்டுக்கு அனுப்பி வைப்பதுதான் உத்தியோகம். எந்தச் சங்கத்திலாவது ‘ஏற்பாட்டாளர்’ என்ற பதவியை உங்கள் தலையிலும் கட்டியிருந்தால், வாருங்கள், பக்கத்தில் ஒரு கதிரை போடுகிறேன்.

எங்களுடையது கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியவில் ஓய்வுபெற்றவர்கள் கூடும் மன்றம். மாதம் ஒரு விருந்தினர் பேச்சு. ஆளைப் பிடித்து வருவது என் வேலை. தாத்தாவிடம் கதை கேட்டு வளர்ந்தவன் நான். கேட்கத் தெரியும், குறுக்கே பேசத் தெரியாது. அதுதான் வினையாகிப் போனது.

பச்சைக் கொடி

முத்தையா அங்கிள் ரயில்வே கார்டாக இருந்தவர். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, விசில் எல்லாம் இன்னும் கைவசம். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, அவர் பச்சையைக் காட்டினால்தான் பேச்சுத் தொடங்கலாம்.

அந்த மாதம் வந்தவர் ஒரு பல் டாக்டர். பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், பாவம், தன் மகளின் கல்யாணத்துக்குத் தாவினார். சிவப்புக் கொடி உயர்ந்தது. டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். பல்லுக்குத் திரும்பியதும் பச்சை. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் பேச்சில் நுழைய, விசிலே பறந்தது. வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் சொன்னார்: “தம்பி, என்கிட்ட பல்லுப் புடுங்க வர்றவங்ககூட இவ்வளவு நடுங்க மாட்டாங்க.”

நன்றி, நன்றி, இன்னுமொரு நன்றி

எங்கள் மன்றத்தில் நன்றியுரை சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஒருவர் சொன்னால் மற்றவருக்குப் பொறுக்காது. தலைவர் ராமையா ஐயா மாநகர சபையில் கிளார்க்காக இருந்த காலமெல்லாம் மற்றவர்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவர். இப்போது மைக் கிடைத்தால் விடுவாரா?

வங்கிக்காரர் ஒருவர் வந்து சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாகப் பேசி முடித்தார். நன்றியுரை தொடங்கியது. ராமையா ஐயா சொன்னார். அவர் விட்டதை நஸீரா டீச்சர் சொன்னார். டீச்சர் விட்டதை முத்தையா அங்கிள் சொன்னார். தேத்தண்ணீர் ஆறி, திரும்பச் சூடாக்கி, மறுபடியும் ஆறியது. நான் மேசையோரம் நின்று மெல்லச் செருமிப் பார்த்தேன். சளிக்கு மருந்து சொன்னார்கள். கிளம்பும்போது வங்கிக்காரர் கேட்டார்: “எல்லாத்தையும் நீங்களே பேசிட்டீங்க, நான் எதுக்குங்க வந்தேன்?”

வடையும் கெடுவும்

இந்தச் சங்கதி கண்டி முழுக்கப் பரவிவிட்டது. என் நம்பரைக் கண்டாலே ஆட்கள் போனை எடுப்பதில்லை. ஒரு மாதம் பேச்சாளரே கிடைக்கவில்லை. கரம் போர்டில் காய் சுண்டிவிட்டு எல்லோரும் கலைந்தார்கள்.

ராமையா ஐயா என்னைத் தனியாக அழைத்து, கையில் ஒரு வடையைக் கொடுத்தார். வடை வந்தால் செய்தி நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். அப்போது எனக்கிருந்த ஒரே உத்தியோகம் இந்த ஏற்பாட்டாளர் வேலைதான். ஐயா அன்பாகவே சொன்னார்: “அடுத்த மாசமும் ஆள் வரலன்னா கரம் போர்டே போதும் தம்பி, அதுக்கு ஏற்பாட்டாளர் தேவையில்ல... சாப்பிடு, ஆறிடப் போவுது.”

தேனீக்காரர்

கடைசியில் ஒருவர் சிக்கினார். தெல்தெனியப் பக்கம் தேனீ வளர்க்கும் குகதாசன். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பெருமை எதுவும் அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை. கூட்டத்தன்று நேரமாகியும் ஆளைக் காணோம். போன் பண்ணினால், “பஸ் நிண்டிட்டுது தம்பி, வாறன்,” என்றார். ராமையா ஐயா கரம் போர்டைப் பார்த்தார். நான் என் எதிர்காலத்தைப் பார்த்தேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைப் பிடித்தேன். “பேச்சாளர் வந்துகொண்டிருக்கிறார். அதற்குள்... நன்றியுரையை எடுத்துக்கொள்ளலாமா?”

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. பிறகு கடைசி வரிசையில் பச்சைக் கொடி உயர்ந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா! பேசாத பேச்சுக்கு நன்றி பொழிந்தது. ராமையா ஐயா, “ரத்தினச் சுருக்கமான பேச்சு” என்று பாராட்டினார். தேனீக்கள் நேரம் தவறாதவை என்று விளக்கியதற்காக முத்தையா அங்கிள் நன்றி சொன்னார். நஸீரா டீச்சர், “ராணித் தேனீ ஒருநாளும் குசினிக்குப் போய் சமைக்கிறல்ல என்டு இவ்வளவு தெளிவா யாரும் சொல்லித் தந்ததில்ல,” என்று தன் கணவரைப் பார்த்துச் சொன்னதும் மண்டபமே குலுங்கியது.

அப்போதுதான் கவனித்தேன். கையில் தேன் போத்தலோடு, வேர்த்து விறுவிறுத்து, வாசலில் குகதாசன். எவ்வளவு நேரமாக நின்றாரோ! எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அவர் மேடையேறி வாயைத் திறந்தார். சிவப்புக் கொடி உயர்ந்தது, நேரம் முடிந்துவிட்டதாம்.

ராமையா ஐயா கரம் போர்டை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, “இந்த வருஷத்திலேயே இதுதான் தம்பி நல்ல பேச்சு,” என்றார். வடை கொடுக்கவில்லை, மூச்சு வந்தது. குகதாசனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மனிதர் முகமெல்லாம் பூரிப்பு. “என்ன தம்பி மன்னிப்பு? அடுத்த மாசமும் என்னையே கூப்பிடுங்கோ, இதே பஸ்ஸிலதான் வருவன்.”

இப்போதெல்லாம் பேச்சாளரிடம் நான் தகைமையை விசாரிப்பதில்லை. எந்த பஸ்ஸில் வருவார் என்பதை மட்டும்தான் கேட்டுக்கொள்கிறேன்.