பாலிஷ் போட்ட ஆறு துண்டுகள்

காலை பத்தே காலுக்கு, இலை உருட்டும் இரண்டாம் ரோலர் நின்றது. எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அப்போதுதான். எண்பதுகளில் ஒரு சனிக்கிழமை. தானா ராத்தா என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் ஹெட் ஃபிட்டர்.

என் பெஞ்சில் மகள் கௌரியின் ஆறு எஃகுத் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. யூனிவர்சிட்டியில் உலோக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மைக்ரோஸ்கோப்பில் இவற்றைப் பிடித்து வைக்க ஒரு பித்தளை ஹோல்டர் கடைந்து தரச் சொல்லி, அளவு பார்ப்பதற்காகத் துண்டுகளையும் கொண்டுவந்திருந்தாள்.

அன்று காலை பெஞ்சருகே நின்று அவளே விளக்கினாள்.

“ரியாக்டருக்குள்ள நியூட்ரான் வருஷக்கணக்கா அடிச்சு இரும்பைக் கெடுத்துடும்பா. அணுவெல்லாம் எடம் மாறிடும். இரும்பு உப்பும், கடைசில கண்ணாடி மாதிரி ஒடையும். அத்தனை வருஷம் யாரு காத்திருக்கிறது? அதான் அயான் பீம்ல, அதாவது ஒரு மெஷின் வேகமா பாய்ச்சுற அணுக்களால அடிச்சு, அந்தச் சேதத்தைச் சீக்கிரமா உண்டாக்கிப் பார்க்குறோம்.”

“தொட்டா ஒனக்கு ஏதும் ஆவாதே?” பெற்றவனுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்?

“இதுல கதிர்வீச்சு ஒன்னும் இல்லலா! ஆனா இந்த மங்கலான பக்கத்தை மட்டும் தொட்டுடாதீங்க. சேதமெல்லாம் மேலாக்கதான் இருக்கு. தலைமுடியவிட ரொம்ப ரொம்ப மெல்லிசு.”

வெளிநாட்டு மெஷினில் அவளுக்கு ஒரே ஒரு தடவைதான் நேரம் கிடைத்திருந்தது. ஸ்காலர்ஷிப்பும் அந்த வருடத்தோடு முடிகிறது. அவள் பட்டம் இந்த ஆறு துண்டுகளை நம்பித்தான் இருந்தது. சொல்லிவிட்டு அவள் டவுனுக்குப் போனாள். நான் கடைசலைத் தொடங்கியிருந்தேன். ரோலர் நின்றது.

ஃபேக்டரியை மேற்பார்க்கும் கிராணி வாசலில் நின்று கத்தினார்: “எலை சூடேறிக்கிட்டு இருக்கு, ஃபிட்டர் பெஞ்சைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு!”

போட்டது போட்டபடி ஓடினேன். பேரிங் மாற்றி முடிக்க மதியமாகிவிட்டது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் கொண்டுவந்த எந்தப் பொருளையும் பஃபிங் வீலில் பாலிஷ் போடாமல் திருப்பித் தரமாட்டோம். அந்த வேலையில் என் உதவியாள் அந்தோணி கெட்டிக்காரன். நான் திரும்பியபோது ஆறு துண்டுகளும் ஒரு சுத்தமான துணிமேல் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன.

“நம்ம பாப்பாவோடதுதானேண்ணே? ஒரே கறையா கெடந்துச்சு. இப்ப முகம் பார்க்கலாம். படிச்சவங்க பார்க்கட்டும், எஸ்டேட் வேலைன்னா என்னன்னு!”

துண்டுகளை எண்ணினேன். “ஆறையுமா?”

“ஒன்னை மட்டும் விட்டா அசிங்கமா இருக்காதா?”

அவன் தேய்த்தெடுத்த அந்த மங்கல்தான் பாப்பாவின் ஆராய்ச்சியே என்று சொன்னேன். அவன் எண்ணெய் டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டான். “கறைன்னுதாண்ணே நெனச்சேன்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவனை எப்படித் திட்டுவது? வேறு யாருடைய துண்டாக இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். பட்டறைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு இன்றும் சொல்கிறேன்: அடுத்தவர் பொருளில் எது அழுக்கு என்று அவரைக் கேட்காமல் துணியை எடுக்காதீர்கள்.

சாயங்காலம் தோட்டத்து லோரியில் கௌரி வந்து இறங்கினாள். எங்கள் முகங்களைப் பார்த்ததுமே சிரிப்பு நின்றது. துண்டுகளை ஜன்னலுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தாள்.

“பாப்பா, மாமா தெரியாம...” என்று அந்தோணி ஆரம்பித்தான்.

“நல்லாத்தான் போட்டிருக்கீங்க மாமா” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“இதுல இப்ப ஒரு சேதமும் இல்லப்பா. புத்தம்புது இரும்பு.”