உறைக்குள் இருக்கும் கம்பி

என் தம்பி கிறிஸ்தோபர் கட்டைபறிச்சானில் ஒரு கலியாண வீட்டுக்கு மின்விளக்குச் சரம் கட்டப் போன இடத்தில் இறந்தான். மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரண்டு வயர்களை முறுக்கிச் சேர்த்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்த இடத்தில் அவன் கை வைத்திருக்கிறான். டேப் புதியது, வடிவாகச் சுற்றப்பட்டிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். உள்ளே செம்பு வெறுமையாகக் கிடந்திருக்கிறது. சுற்றியது யாரென்று எவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான் எழுத நினைத்தது அவன் மனைவி நிரோஷினியைப் பற்றி. அவளுடைய பயத்தை விளங்கிக்கொள்ள அந்த டேப்பைத் தெரிந்திருக்க வேண்டும்.

நிரோஷினி குச்சவெளிக்காரி. தகப்பன் மீன்பிடிக்காரர். பாலையூற்றில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவள் கணினியைத் தொட்டுப் பார்த்தவள் கூட இல்லை. கிறிஸ்தோபர் வீட்டு முன்னறையில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தான். முதலில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பிறகு கீழே விழுந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக் கொடுத்தாள். சில மாதங்களில் அவன் கண்ணுக்குப் பிடிபடாத சின்ன ஸ்க்ரூக்களை அவளே கழற்றினாள். "நான் முதலாளி, இவ பெரிய முதலாளி" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

அவன் போன பிறகும் அவள் கடையை மூடவில்லை. திரை மாற்றுவாள், விசைப்பலகை மாற்றுவாள், புழுதி தட்டுவாள், வைரஸ் அகற்றுவாள். மின்சாரத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கமாட்டாள். அது பழுதென்றால் பட்டணத்தில் இன்னொரு கடைக்கு அனுப்பிவிடுவாள். சுவர் சுவிட்சை அகப்பைக் காம்பால் அழுத்துவாள். டேப் சுற்றிய வயர் எங்கே கண்டாலும் உரித்துப் பார்ப்பாள். என் அயர்ன் பெட்டி வயரில் நான் சுற்றியிருந்ததை என்னைக் கேளாமலே ஒருநாள் உரித்து வைத்திருந்தாள்.

"உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு தெரியாமல் நான் ஒண்டையும் தொடன், மச்சாள்" என்றாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் றுவைஸ் வந்தார்.

றுவைஸ் உப்புவெளியில் வெள்ளைக்காரரைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டுகிற சுழியோடி. கிறிஸ்தோபரின் நெடுநாள் கூட்டாளி. நிரோஷினி அவரை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவாள். கடலடியில் எடுக்கும் வீடியோக்களைத் தொகுக்க ஒரு பலமான கணினி வேண்டும் என்று உறுப்புகள் எல்லாவற்றையும் கொழும்பிலிருந்து எடுப்பித்து, பெட்டி பெட்டியாக ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். பிறகு கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்த கணினி. உள்ளே ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியாக, நைலோன் நூலால் பின்னிய மெல்லிய உறை போட்டிருந்தது. வயர்கள் வகிடெடுத்து வாரிய தலைமுடி போல வரிசையாக வளைந்து போயின.

"இப்பிடி வேணும், தங்கச்சி. வெள்ளையும் நீலமும். வாற ஆக்கள் கண்ணாடிக்குள்ளால பார்த்து வாயைப் பிளக்கோணும்."

"இது வெறும் சோடினைதானே, றுவைஸ் நானா? கறுப்பு வயரிலயும் அதே கரண்ட்தான் ஓடும்."

"மீனும்தான் எல்லாம் ஒரே தண்ணிக்குள்ள ஓடுது. வெள்ளைக்காரன் நிறம் பார்த்துத்தானே சுழியோட வாறான்?"

சீசன் தொடங்குமுன் வேண்டும் என்றார். அவளால் முடியாவிட்டால் எல்லாவற்றையும் கொழும்புக்கே அனுப்பப்போவதாகவும் சொன்னார். அந்தக் கரையில் இருக்கும் மற்றச் சுழியோடிகளும் ஹோட்டல்காரர்களும் இதைப் பார்த்துவிட்டு அவளிடம் வருவார்கள் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் வயர் நுனியில் இருக்கும் உலோகப் பின் ஒன்று தவறி இன்னொரு துளைக்குள் போனால் அந்த உறுப்புகள் ஒரு கணத்தில் எரிந்துவிடும். திருப்பி வாங்கிக் கொடுக்க அவளால் முடியாது. கடையை மூடிவிட்டுக் குச்சவெளியில் தகப்பன் வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

உறை போட்ட கேபிள் தொகுதி ஒன்றை றுவைஸ் இணையத்தில் வாங்கியும் வைத்திருந்தார். "இதைக் கொழுவிவிட்டால் வேலை முடிஞ்சுது" என்று கொடுத்துவிட்டுப் போனார். நிரோஷினி அதன் பிளக்கைப் பவர் சப்ளையில் வைத்து அழுத்தினாள். 'டிக்' என்று உட்கார்ந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அவள் உடனே அதைக் கழற்றி, பவர் சப்ளையோடு வந்த கறுப்புக் கேபிளையும் பக்கத்தில் வைத்து, மின் தொடர்பு பார்க்கும் மீற்றரால் ஒவ்வொரு துளையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய மேலுதடு வியர்த்துவிட்டது.

"என்ன நிரோ?"

"இது வேற கொம்பனிப் பவர் சப்ளைக்குச் செய்தது. அஞ்சு வோல்ட் போற இடத்தில பன்னிரண்டு போகும். போட்டிருந்தால் டிஸ்க் எல்லாம் அதிலயே செத்திருக்கும்."

"அப்ப ஏன் அவ்வளவு வடிவாப் பொருந்திச்சுது?"

"அதுதான் மச்சாள் பயம்."

சரியான தொகுதியை வெளிநாட்டில் செய்வித்து எடுப்பதென்றால் சீசன் பாதியாகிவிடும். மிஞ்சியது ஒரே வழி. பவர் சப்ளையோடு வந்த கேபிளுக்கு அவளே உறை போடவேண்டும். செய்வதா விடுவதா என்று அவள் இரண்டு கிழமை யோசித்தாள். சோற்றைப் பிசைந்தபடி இருப்பாள், சாப்பிடமாட்டாள். உறையும் ஊசியும் வாங்கி வந்தாள், பிரிக்காமல் மேசையில் வைத்தாள். தகப்பன் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் குரல் எப்போதும் படகில் நின்று கத்துவது போல் இருக்கும்.

"என்ன பிள்ளை, கம்பிக்குச் சட்டை தைக்கப் போறியாம்? எனக்கு உடுக்க ஒரு சாரம் மூட்டித் தா எண்டு கேட்டு எவ்வளவு காலம்!"

"விளையாடாதீங்க அப்பா."

"கரண்டில கை வைக்கப் போறியோ?"

"இல்லை அப்பா. பெட்டியில இருந்து கழற்றின வயர். அதில கரண்டே இல்லை."

"கிறிஸ்டியும் அப்பிடித்தானே நினைச்சவன்" என்றார்.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். பவர் சப்ளைப் பெட்டியைத் துவாயால் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். கேபிளை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"கரண்ட் பெட்டி அலுமாரிக்குள்ள கிடக்கட்டும். இதை நான் கண்ணால பார்த்துச் செய்யிறன். பார்க்கக்கூடிய வேலைக்கும் பயந்தால் பிறகு நான் என்னத்தைச் செய்யிறது?"

ஒரு நேரத்தில் ஒரு வயரை மட்டும் தொட்டாள். பின்னைப் பிளக்கின் துளையிலிருந்து ஊசியால் நெம்பி எடுத்து, உறையை நுழைத்து, நீளம் அளந்து வெட்டி, பின்னை அதே துளைக்குள் அழுத்தி, மீற்றரால் பார்த்து, பிறகுதான் அடுத்தது. சில இடங்களில் இரண்டு வயர்கள் ஒரே பின்னில் சேர்ந்திருந்தன. அவற்றை மடித்து உள்ளே தள்ளுவதற்குள் விரல் நுனி தோல் உரிந்துவிடும். யாராவது கடைக்கு வந்தால் எடுத்த பின்னை விரலில் பிடித்தபடியே "பொறுங்க, பொறுங்க" என்பாள்.

வெட்டிய இடத்தில் உறை பிரிந்துபோகும். அதன் மேல் சூட்டில் சுருங்கும் சிறிய குழாய் ஒன்றைப் போட்டு இலேசாகச் சூடாக்க வேண்டும், அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். அவள் பார்த்த வீடியோவில் அப்படித்தான் செய்தார்கள். குழாய்களும் வாங்கி வைத்திருந்தாள். ஆனால் குச்சவெளியில் நைலோன் கயிற்றின் நுனியை எவரும் வெறுமனே விடமாட்டார்கள். வெட்டியதும் நெருப்பில் காட்டுவார்கள். உருகியதும் விரலை நாவில் நனைத்து, நுனியைப் பிடித்து உருட்டி அழுத்திவிடுவார்கள். வலையிலும், நங்கூரக் கயிற்றிலும், பள்ளிக்கூடச் சப்பாத்து நூலிலும் அப்படித்தான். நிரோஷினியின் கை லைட்டரைத் தானாகவே எடுத்தது. உருக்கினாள், உருட்டினாள். நுனி முத்துப் போல அடங்கி நின்றது.

"குழாய் போடேல்லையோ?" என்று கேட்டேன்.

"அது கயிறு தெரியாத ஆக்களுக்கு, மச்சாள்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் குசினிக்குள் போய்ச் சும்மா நின்றேன். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

கேபிள் முடியும் தறுவாயில் அவள் கை நின்றது. ஒரு நுனியை உருட்டிவிட்டு விரலை மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள். லைட்டரை மேசையில் வைத்தாள்.

"இது நைலோன் மணம் இல்லை."

கத்தரிக்கோலால் அந்த உறையை நீளமாக வெட்டித் திறந்தாள். உள்ளே வயரின் கறுப்புத் தோலும் சூட்டில் இளகி, அவள் விரல் அழுத்திய இடத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. நடுவே செம்பு, கருவாட்டில் முள் தெரிவதுபோல மெல்லியதாகத் தெரிந்தது.

நானும் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே நினைவுதான் வந்தது. அந்தக் கறுப்பு டேப்.

மீற்றர் எல்லா வயரையும் சரியென்றுதான் காட்டியிருந்தது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தொடர்பு இருக்கிறதா, பக்கத்து வயரோடு முட்டுகிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும். நாளை வளைத்துக் கட்டி, சூடேறி, ஒன்றோடொன்று உரசும்போது என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது. உறை போட்டு முடித்த எந்த வயருக்குள் என்ன இருக்கிறதென்று அவளுக்கும் இப்போது தெரியவில்லை. வெள்ளையும் நீலமுமாக அவ்வளவு வடிவாகக் கிடந்த அந்தக் கேபிளிலிருந்து தன் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை றுவைஸ் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். தலையில் உப்புத் தண்ணி இன்னும் காயவில்லை. கேபிளைக் கண்டதும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மாஷா அல்லாஹ்! இதென்ன தங்கச்சி, கொழும்புக்காரன் தோத்துப் போவான். கொழுவுங்க, போட்டுப் பார்ப்பம்."

"ஏலாது, நானா."

"ஏன், இன்னும் வேலை இருக்கா?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பிழை விட்டிட்டன். நெருப்புக் காட்டினதில உள்ளுக்கு வயர் தோல் உருகியிருக்கு. ஒண்டைத் திறந்து பார்த்தனான். மற்றதுகள் எப்பிடியெண்டு தெரியாது."

"வெளியால ஒண்டும் தெரியல்லியே."

"ஓம். தெரியாது."

"மீற்றர் என்ன சொல்லுது?"

"சரியெண்டுதான் சொல்லுது."

"அப்ப நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது?"

"தெரிஞ்சிருக்காது. ஒருவேளை வருசக்கணக்கா ஒண்டும் நடந்திருக்காது. ஒருவேளை நீங்கள் நித்திரையா இருக்கேக்க எரிஞ்சிருக்கும்."

றுவைசின் முகம் மாறியது. "சீசன் வருது, தங்கச்சி. நான் ஆக்களுக்கெல்லாம் சொல்லிட்டன். இதைத் தெரியாத வேலையெண்டா முதலே சொல்லியிருக்கலாம்தானே?" என்றார். குரல் உயரவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. உறுப்புகளை எல்லாம் தூக்கி ஓட்டோவில் ஏற்றிவிடப்போகிறார் என்று நினைத்தேன்.

நிரோஷினி கத்தரிக்கோலை எடுத்து அவர் கண்முன்னே ஒவ்வொரு உறையாக வெட்டித் திறந்தாள். பலவற்றில் ஒன்றுமில்லை. சிலவற்றில் தோல் நசிந்திருந்தது. பிறகு இரண்டு வயர்களில் செம்பு தெரிந்தது. பெட்டிக்குள் பொருத்தினால் அவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். றுவைஸ் குனிந்து, தன் தடித்த விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"சிலிண்டரில இருந்து வாய்க்குக் காற்று வாற குழாய் இருக்கே" என்றார் பிறகு. "பொருத்திற இடத்தில ஒரு ரப்பர் உறை போட்டிருக்கும். எல்லாரும் வெளியால பார்த்திட்டுப் போயிருவாங்க. வெடிப்பு அதுக்குள்ளதான் தொடங்கும். நான் ஒவ்வொரு நாளும் அதை இழுத்துப் பார்த்திட்டுத்தான் கடலுக்குள்ள இறங்கிறனான்."

நிமிர்ந்து நீல உறைத் துண்டுகளைக் கையால் ஒருபக்கம் ஒதுக்கினார்.

"கறுப்பாவே போடுங்க. கறுப்புக் கேபிள் புதுசா எடுப்பிக்க ஏலுமா?"

"ஏலும். இதே பெட்டிக்குரியது கொழும்பில இருக்காம். பஸ்சில போட்டு விடுவினம்."

"எடுங்க. ஆனா பாக்கிறதுக்குக் கண்ணாடிக்குள்ள சாரைப்பாம்பு வளர்க்கிற மாதிரித்தான் இருக்கும்."

"பாம்புக்குச் சட்டை போட்டால் இன்னும் பயம், நானா" என்றாள் நிரோஷினி. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

புதுக் கேபிள் வந்தது. அதையும் கொழுவுமுன் மீற்றரால் துளை துளையாகப் பார்த்தாள். கணினியை உறுப்பு உறுப்பாகப் பொருத்தி, கறுப்பு வயர்களைப் பின்பக்கமாக ஒதுக்கிக் கட்டினாள். சுவிட்சைப் போட்டதும் விசிறிகள் சுழன்றன, திரையில் வெளிச்சம் வந்தது. அன்று மாலை வரை அதை நிறுத்தாமல் ஓடவிட்டாள். கடைக்கு வந்தவர்களோடு கதைத்துக்கொண்டே இடைக்கிடை போய்ப் பெட்டியின் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல இருந்தது.

றுவைஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த கிழமை உப்புவெளியிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் வந்தார். அவருக்கும் கண்ணாடிப் பெட்டி வேண்டும், சிவப்பு உறை வேண்டும். நிரோஷினி, கணினி செய்து தருவேன், உறை போடமாட்டேன் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை.

கடை திறந்திருக்கிறது. ஆனால் றுவைசின் பெயரோடு தொலைபேசி அடித்தால் அவள் உடனே எடுக்கமாட்டாள். அது மேசையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்வதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். நேற்றும் அப்படித்தான். "எடு நிரோ" என்று நான் சொன்ன பிறகுதான் எடுத்தாள். வணக்கம் சொல்லவில்லை, சுகம் கேட்கவில்லை.

"ஓடுதோ, நிண்டிட்டுதோ?" என்றாள்.

"ஓடுது, ஓடுது" என்ற அவர் குரல் எனக்கும் கேட்டது. "சத்தத்தைக் கூட்டிற பொத்தான் எதெண்டு கேட்கத்தான் எடுத்தனான், தங்கச்சி."

அவள் கதிரையில் உட்கார்ந்து, மூச்சை விட்டு, பொத்தான் எங்கே இருக்கிறதென்று சொல்லத் தொடங்கினாள்.