செராமிக்குக்கு எதிர்காலம் இருக்கிறதாம்

பிளஸ் டூ படித்த வருடத்தில் அப்பாவின் லேப்டாப்பில் ‘பிசிக்ஸ் ரிவிஷன்’ என்ற பெயரில் நான் ஒரு எக்செல் ஷீட் வைத்திருந்தேன். அதில் பிசிக்ஸ் ஒரு வரிகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைக்குமா கிடைக்காதா என்ற கணக்கு மட்டும்தான்.

கணக்கு மார்க்கை அப்படியே எடுத்துக்கொண்டு, பிசிக்ஸிலும் கெமிஸ்ட்ரியிலும் பாதிப் பாதி சேர்த்தால் இருநூறுக்கு ஒரு எண் வரும். அதுதான் கட்-ஆஃப். எனக்கு எத்தனை வரும் என்று ஒரு நாளைக்கு நாலு தடவை போட்டுப் பார்ப்பேன். காலையில் நல்ல மனநிலையில் போட்டால் நூற்றுத் தொண்ணூற்றெட்டு வரும். கெமிஸ்ட்ரி டெஸ்ட் முடிந்த சாயங்காலம் போட்டால் நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே இறங்கிவிடும்.

நான் ஆசைப்பட்டது ஒரே ஒரு கல்லூரி. எங்கள் டியூஷனில் யாரும் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள். ‘அவங்க அண்ணனுக்கு அங்க கிடைச்சிருச்சாம்’ என்றால் போதும், எங்கே என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அங்கே எலக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஷீட்டின் முதல் வரி.

டியூஷன் கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் நடந்தது. நாற்பது பேர் படித்தோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டெஸ்ட் வைத்து, செவ்வாய்க்கிழமை கதவில் ரேங்க் லிஸ்ட் ஒட்டுவார்கள். நான் பெரும்பாலும் பதினொன்றாவது. நாலாவது இடத்தில் எப்போதும் என் தோழி இருந்தாள். கீழ்க்கட்டளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அவளுடைய அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மாடம்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்டுக்குக்கூட இரண்டு முறை அவர் லோடு கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்.

டிசம்பரில் ஒரு நாள் ஷீட்டை என் ஃபோனில் ஏற்றி அவளிடம் காட்டினேன். எனக்கு முன்னால் இருக்கும் பத்துப் பேரில் அவளை விட்டுவிட்டு மீதி ஒன்பது பேரைச் சிவப்பில் குறித்திருந்தேன்.

“இவங்க ஒன்பது பேரும் எலக்ட்ரானிக்ஸ் கேக்காம இருந்தா எனக்கு சான்ஸ் இருக்கு” என்றேன்.

“இன்னாடி கணக்கு இது? தமிழ்நாடு ஃபுல்லா பசங்க எழுதறாங்க. பேக்கரி மாடியில ஒன்பது பேர தள்ளிட்டா உனக்கு சீட்டு வந்துருமா?”

“ஒன்பது பேர் குறைஞ்சா ஒன்பது பேர் குறைஞ்ச மாதிரிதானே?”

அவள் சிவப்புப் பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினாள். “சரி, எப்படித் தள்ளப்போற? படிக்கட்டுல எண்ணெய் ஊத்தப்போறியா?”

அதற்கும் என்னிடம் யோசனை இருந்தது. ஒன்பது பேருக்கும் வேறு ஏதாவது பிராஞ்ச் மேல் ஆசை வரவைக்க வேண்டும். கவுன்சலிங் புத்தகத்தில் பிராஞ்ச் பட்டியலைப் புரட்டியபோது என் விரல் செராமிக் டெக்னாலஜியில் நின்றது. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மற்றவர்களுக்கும் தெரிந்திருக்காது என்பதுதான் அதன் சிறப்பு.

பரப்புவதற்குச் சரியான இடம் பேக்கரி வாசல். டியூஷன் விடும் நேரத்துக்கு அரை மணி முன்பே அம்மாக்கள் ஸ்கூட்டியில் வந்து வரிசையாக நிற்பார்கள். அவர்களில் முதல் ரேங்க் பையனின் அம்மாவுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் மாலை ஏழு மணிக்குள் சேலையூர் முழுக்கத் தெரிந்துவிடும். நான் அவரிடம் போய் மிகவும் அப்பாவியாகக் கேட்டேன்.

“ஆன்ட்டி, செராமிக் டெக்னாலஜிக்கு இப்ப ரொம்ப டிமாண்டாமே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“யாரு சொன்னா?” அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்.

“எங்க சித்தப்பாவோட ஃபிரெண்டு. சிப் கம்பெனியில இருக்கார். இனிமே எல்லாம் செராமிக்தானாம். வெளிய சொல்லாதீங்க ஆன்ட்டி, சீட் கம்மி.”

எனக்குச் சித்தப்பாவே கிடையாது. பக்கத்தில் நின்ற என் தோழி சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டே பேக்கரிக்குள் ஓடிவிட்டாள்.

அடுத்த வாரம் மூன்று அம்மாக்கள் என்னிடமே வந்து சந்தேகம் கேட்டார்கள். செராமிக் படித்தால் என்ன வேலை, பெண்பிள்ளைகளுக்குச் சரிவருமா, கம்ப்யூட்டர் சயின்ஸோடு சேர்த்து ஏதாவது உண்டா? நான் திணறினேன். என் தோழி முன்னால் வந்து, “ஆன்ட்டி, ராக்கெட்டு சூடு தாங்கறதுக்கே செராமிக்தான் வைக்கறாங்க” என்று ஒரே போடாகப் போட்டாள். அன்றிலிருந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவளுடையது, கிளப்பிவிடும் பொறுப்பு என்னுடையது என்று பிரித்துக்கொண்டோம். அவள் பொறுப்பை அவள் ரொம்ப ஒழுங்காகச் செய்தாள். லைப்ரரியில் தேடிப் படித்துவிட்டு வருவாள். நான் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா ஏரிக்கரை வாக்கிங் முடிந்து வந்தார். எங்கள் பகுதியில் ஆறு பேர் சேர்ந்து நடப்பார்கள். நடப்பதைவிட நின்று பேசுவது அதிகம். ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராக என் மேஜைக்கு வந்தார்.

“இந்த செராமிக் டெக்னாலஜின்னு ஒண்ணு இருக்கே, தெரியுமா உனக்கு?”

என் கையிலிருந்த பேனா நின்றது. “தெரியாதேப்பா.”

“பெரிய ஃபியூச்சர் இருக்காம். மூணு பேர் தனித்தனியா சொல்றாங்க. ஒருத்தர் சொன்னா விட்டுடலாம். மூணு பேர் சொன்னா யோசிக்கணுமா இல்லையா?”

அந்த மூன்று பேருக்கும் செய்தி எந்த ஸ்கூட்டியிலிருந்து போயிருக்கும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அதை எப்படிச் சொல்வது? அம்மா குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். எதையும் ரிப்போர்ட் பார்க்காமல் நம்பமாட்டாள். “ஏங்க, அவ எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு வருஷமா சொல்லிட்டிருக்கா” என்றாள். அப்பா கேட்கவில்லை. மாதம் போகப்போக அவருடைய ஆர்வம் ஏறியது. “ஜப்பான்லேர்ந்து அஞ்சு கம்பெனி வரப்போகுதாம்” என்றார் ஒரு நாள். எனக்கு அதிர்ச்சி. ஜப்பானைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாம் கிளப்பிவிட்டது நிஜமாகவே நிஜமோ என்று ஒரு ராத்திரி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மார்ச்சில் பரீட்சை முடிந்தது. மே மாதம் ரிசல்ட் வந்தபோது என் கட்-ஆஃப் நூற்றுத் தொண்ணூற்று நாலரை. கணக்கில் தப்பித்தேன், கெமிஸ்ட்ரி காலை வாரிவிட்டது. தோழிக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு. அவள் எங்கே வேண்டுமானாலும் எலக்ட்ரானிக்ஸ் கேட்கலாம். எனக்கு ‘அங்க’ கிடைப்பது நூலில் தொங்கியது.

ஜூலையில் எந்தக் கல்லூரி, எந்த பிராஞ்ச் என்று ஆன்லைனில் வரிசையாகப் பதியும் நாட்கள் வந்தன. முதல் நாள் சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்து, முகம் கழுவி, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். முதல் சாய்ஸில் ‘செராமிக்’ என்று டைப் அடிக்க ஆரம்பித்தார்.

“அப்பா, நிறுத்துங்க. அது நான் கிளப்பிவிட்டது.”

“எது?”

“செராமிக்குக்கு டிமாண்டுன்னு சொன்னதே நான்தான்ப்பா. டியூஷன்ல எல்லாரும் அந்தப் பக்கம் போயிட்டா எனக்கு எலக்ட்ரானிக்ஸ் கிடைக்கும்னு சொன்னேன். அது சுத்தி சுத்தி உங்ககிட்ட வந்துருச்சு.”

அடுக்களையில் அம்மா குக்கரை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“வாக்கிங்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே” என்றார், மிகவும் மெதுவாக.

“அப்ப ஜப்பான் கம்பெனி மட்டும் நிஜமாப்பா? அதை நான் சொல்லல.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அது... சும்மா ஒரு எஃபெக்டுக்கு நான் சேர்த்துக்கிட்டது.”

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அப்பா கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். இந்த விஷயம் வீட்டைத் தாண்டிப் போகக்கூடாது, குறிப்பாக ஏரிக்கரைப் பக்கம் போகவே கூடாது. பிறகு செராமிக்கை அழித்துவிட்டு எலக்ட்ரானிக்ஸ் அடித்தார்.

விஷயம் இத்தோடு முடிந்தது என்று நினைத்து மறுநாள் காலை தோழிக்கு ஃபோன் செய்து முழுக்கச் சொன்னேன். அவள் நன்றாகச் சிரித்தாள். பிறகு, “நான் செராமிக்தான் ஃபர்ஸ்ட் போட்டுக்கீறேன்” என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை என்று தெரிந்ததும் பஸ் பிடித்துக் கீழ்க்கட்டளைக்கு ஓடினேன். அவள் வீட்டு வாசலில் தண்ணீர் லாரி நின்றது. அவள் அப்பா டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “வா பாப்பா, உள்ளதான் கீறா” என்றார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“மச்சி, அது பொய்டி. நாமதானே கிளப்பினோம். நீயே நம்பிட்டா எப்படி?”

“நான் எங்க நம்புனேன்? அந்த ஆன்ட்டிங்க கேக்கறதுக்கு பதில் சொல்லணுமேன்னு படிச்சேன். படிச்சுக்கினே போனேன், நல்லா கீதுடி. பல்லு கட்டறதுலேர்ந்து ராக்கெட்டு வரைக்கும் வருது. நெருப்புல போட்டா ஒண்ணு வேற ஒண்ணா ஆவுது. எலக்ட்ரானிக்ஸ்ல எனக்கு அந்த மாதிரி எதுவும் தோணல.”

“உன் மார்க்குக்கு எலக்ட்ரானிக்ஸ் நிச்சயம் கிடைக்கும். அதைப் போய் விடுறியே.”

“மார்க்கு நிறைய கீதுன்னு பிடிக்காதத வாங்கிக்கணுமா?”

அவள் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். “செராமிக்னா இன்னாம்மா, டைல்ஸா?”

“டைல்ஸும்தாம்பா.”

“வேலை கிடைக்குமா?”

“கிடைக்கும்பா. கொஞ்சம் தேடணும்.”

அவர் என்னைப் பார்த்தார். “நீ சொல்லு பாப்பா. இவ சொல்றது கரெக்டா?”

ஆறு மாதமாக ஊர் முழுக்க அது கரெக்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இப்போதுதான் ஒருவர் நேராகக் கேட்கிறார். “எனக்குத் தெரியாதுங்க அங்கிள். அவளுக்குத்தான் தெரியும்” என்றேன். அந்த விஷயத்தில் நான் முதல் முதலாகச் சொன்ன உண்மை அதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது. அது நிஜம். ஆனால் மேடவாக்கம் தாண்டுவதற்குள் இன்னொரு நினைப்பும் வந்தது. அவள் எலக்ட்ரானிக்ஸ் கேட்கவில்லை என்றால் எனக்கு முன்னால் ஒருத்தி குறைவு. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே ஃபோனில் ஷீட்டைத் திறந்து எண்ணை மாற்றினேன்.

சீட் ஒதுக்கீடு வந்த அன்று காலை பத்து மணிக்கு அப்பா லாகின் செய்தார். எனக்குக் கிடைத்தது ஏழாவது சாய்ஸ். வண்டலூர் தாண்டி ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ். ‘அங்க’ என் இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசி எலக்ட்ரானிக்ஸ் சீட் என்னைவிட அரை மார்க் அதிகம் வாங்கிய யாரோ ஒருவருக்குப் போயிருந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். “தண்ணிய மூடிட்டு அழு, மோட்டார் ஓடல” என்றாள் அம்மா வெளியிலிருந்து.

நான் சிவப்பில் குறித்த ஒன்பது பேரில் ஒருவர்கூடச் செராமிக் எடுக்கவில்லை. இரண்டு பேர் மெடிக்கல் போனார்கள், ஒருத்தி காமர்ஸ். மீதி ஆறு பேரும், அந்த முதல் ரேங்க் பையன் உட்பட, கம்ப்யூட்டர் சயின்ஸ். என் வதந்தி திசைதிருப்பிய ஒரே ஆள் என் தோழி. அவளுக்குக் கேட்டது ‘அங்க’யே கிடைத்தது.

மதியம் அவள் ஃபோன் செய்தாள். “பேஜாரா கீதா?”

“கொஞ்சம்.”

“கெளம்பி வா.”

கிழக்குத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். அந்த ஷீட்டைக் காட்டு என்று ஃபோனைப் பிடுங்கினாள். செய்தி வாசிப்பவர் குரலில் முதல் வரியிலிருந்து படித்தாள். எந்தத் தேதியில் எத்தனை மார்க் எதிர்பார்த்தேன், யார் யாருக்கு என்ன வியாதி வந்தால் எனக்கு எவ்வளவு லாபம் என்பது வரைக்கும் எல்லாம் இருந்தது. பக்கத்து மேஜைக்காரர் சாத்துக்குடி ஜூஸை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்.

படித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். “அரை மார்க்குன்னா கெமிஸ்ட்ரியில ஒரே ஒரு மார்க்குடி. இந்த ஷீட்டு போட்ட நேரத்துல ஒரு பாடம் படிச்சிருந்தா நீயும் என்கூட வந்திருப்ப.”

சரியாகத்தான் சொன்னாள். அதனாலேயே அந்த நிமிடம் அவளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எழுந்து போய் இன்னொரு சப்போட்டா ஜூஸ் சொன்னேன், எனக்கு மட்டும்.