நாக்கின் ஓரம்

பதுளையில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், பெரிய டொக்டர் நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பிள்ளை, இவ எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். நான் சற்றுத் திகைத்துப்போனேன். நோயாளியின் வயது, சதை எடுத்த இடம், வெற்றிலை போடுகிறவரா இல்லையா என்றெல்லாம் அவர் கேட்பார். ஊரைக் கேட்டு நான் கண்டதில்லை. "பூனாகலைப் பக்கம், டொக்டர்" என்றேன். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து யன்னலருகே போய் நின்றார். பிறகு திரும்பி, "எனக்கு இவவை ஒருக்காப் பாக்க வேணும்" என்றார். அவரோடு வேலை செய்த அத்தனை வருடங்களில் ஒரு நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் நோயியல் வைத்தியர். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. ஆள் குள்ளம்தான், பிரிவில் மூத்தவர் என்பதால் பெரிய டொக்டர் என்று பெயர். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதை எங்களிடம் வரும். அதை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றிக் கொடுப்பது ஆய்வுகூடத்தில் என் வேலை. அதைப் பார்த்து இது புற்றுநோயா இல்லையா என்று எழுதுவது அவர் வேலை. அந்த ஒரு வரியை வைத்துத்தான் மற்ற வைத்தியர்கள் எல்லாரும் மேலே என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். ஆனால் அப்படி ஒரு டொக்டர் இருப்பதே வெளியே பலருக்குத் தெரியாது. நமுனுகுலையில் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், என் அம்மா ஒருமுறை, "ஒங்க பெரிய டொக்டரு ஊசி போடுவாங்களா?" என்று கேட்டார். இல்லையென்றேன். "மருந்தாவது எழுதுவாங்களா?" அதுவும் இல்லை, அவர் நோயாளியைப் பார்ப்பதே இல்லை என்றேன். "அப்பறம் என்னா டொக்டரு அவுங்க!" என்று அம்மா சொன்னதை நான் அவரிடம் சொன்னபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

அந்தக் காலத்தில் எங்களிடம் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. தேயிலைத் தோட்டங்களில் வெற்றிலையும் புகையிலையும் போடாத வாய் குறைவு. மலையில் குளிருக்கும் பசிக்கும் அது ஒரு துணை. பல வருடம் போட்டவர்களுக்கு வாயின் உள்ளே வெள்ளையாக ஒரு படலம் படியும். பலருக்கு அது கடைசிவரை படலமாகவே இருந்துவிடும். சிலருக்குப் புற்றாக மாறும். யாருக்கு மாறும் என்பதை முன்கூட்டியே காட்டக்கூடிய ஒரு சாயம் உண்டா என்பதுதான் கேள்வி. ஒரு பல் வைத்தியர் தோட்டம் தோட்டமாகப் போய் டோர்ச் லைட் அடித்து வாய்களைப் பார்ப்பார். சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் படலம் உள்ள இடத்தில் சிறு துண்டு எடுப்பார். கண்டியில் ஒரு விஞ்ஞானி அந்தச் சாயத்தைத் தயாரித்து ஐஸ் பெட்டியில் அனுப்பிவைப்பார். கொழும்பில் ஓர் இளைஞர் எங்களுடைய முடிவுகளையெல்லாம் கணினியில் போட்டு, இது தற்செயலா உண்மையா என்று பார்த்துச் சொல்வார். அவர் தோட்டத்தையும் கண்டதில்லை, சதையையும் கண்டதில்லை. பெரிய டொக்டர் தொலைபேசியில் அதிகம் சண்டை பிடித்தது அவரோடுதான். புற்றுநோய் ஆராய்ச்சி என்றால் யாரோ ஒருவர் திடீரென்று ஒரு மருந்தைக் கண்டுபிடிப்பது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால், ஒருவரையொருவர் சரியாக அறியாத பலர் தங்கள் பங்கைச் செய்துவிட்டு, அடுத்தவரின் பதிலுக்காகக் காத்திருப்பதுதான் அதில் பாதி.

பூனாகலைப் பக்கத்துப் பெண்ணின் நாக்கோரத்தில் எடுத்த துண்டுக்கு, படலம் மட்டுமே, புற்று இல்லை என்று அறிக்கை போய்விட்டிருந்தது. பிறகு ஆராய்ச்சிச் சாயத்துக்காக அதே மெழுகுக் கட்டியை நான் இன்னும் ஆழமாகச் சீவினேன். அந்த ஆழத்தில், தோலின் எல்லையைத் தாண்டி ஒரு சிறு கூட்டம் உயிரணுக்கள் உள்ளே இறங்கியிருப்பதைப் பெரிய டொக்டர் கண்டார். ஆராய்ச்சி இல்லாவிட்டால் அந்தக் கட்டியை யாரும் மறுபடி தொட்டிருக்க மாட்டார்கள். உடனே பல் வைத்தியர் மூலமாக ஆளனுப்பினோம். வர முடியாது என்று பதில் வந்தது. மறுபடியும் அனுப்பினோம். வாய் ஆறிவிட்டது, இனி கத்தி வைக்க விடமாட்டேன் என்று சொன்னாராம். அந்தப் பதில் வந்த பிறகு, கண்ணாடித் துண்டை மீண்டும் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பெரிய டொக்டர் ஊரைக் கேட்டார்.

பண்டாரவளைக்குப் போய் அங்கிருந்து பூனாகலை பஸ்ஸைப் பிடித்தோம். வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றியது. ஒரு எலுமிச்சங்காயை நகத்தால் கீறி மூக்கருகே பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டே வந்தார். பஸ் நின்ற இடத்திலிருந்து தேயிலைக்கு நடுவே மேலேறிப் போகவேண்டும். அவருக்கு முழங்கால் வலி. நின்று நின்று ஏறினார். நாங்கள் தேடிப்போனவர் தோட்டத்து மாதர் சங்கத் தலைவி. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவருடைய குரல் எங்களுக்கு முன்னாலேயே கேட்டது. ஈரக் கொழுந்து என்று சொல்லி நிறையில் அதிகமாகக் கழிக்கிறார்கள் என்று தராசருகே நின்ற உத்தியோகத்தரோடு வாதாடிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற பெண்கள் ஒருவரும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த மனிதர் கடைசியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நிறையைத் திருத்தினார்.

தலைவி தன் லயத்தில் எங்களை உட்காரவைத்து, சாயத்தண்ணி என்கிற பால் விடாத தேநீர் கொடுத்துவிட்டு, "யாரு இந்தம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்காங்க அக்கா. ஒங்க நாக்குல எடுத்த சதைய இவங்கதான் பாத்தாங்க."

தலைவி அவர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? நல்லாருக்குன்னுதானே சொல்லிவிட்டீங்க?"

"ஓம். முதல் பாக்கேக்க நல்லாத்தான் இருந்தது" என்றார் பெரிய டொக்டர். "பிறகு ஆழத்திலை வெட்டிப் பாத்தனாங்கள். ஒரு இடத்திலை புற்றுநோய் தொடங்கியிருக்கு. சின்னன். ஆனா அதுதான்."

இப்படி ஒரு செய்தியை அவர் தன் வாயால் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை. அறிக்கையில் எழுதுவதைப் போலவே நேராகச் சொன்னார். சொல்லி முடித்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்.

தலைவி வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்க அக்காவுக்கும் வாயிலதான் வந்துச்சு. வெட்டுனாங்க. அடுத்த தீவாளிக்கு அவ இல்ல. கத்தி பட்டா பரவிரும்னு இங்க எல்லாருக்கும் தெரியுங்க."

"உங்கடை அக்கா எப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தவ?"

"சோறு முழுங்க முடியாமப் போனப்பறந்தான்."

"அப்ப அது கத்திக்கு முதலே பரவியிருக்கும் அம்மா. கத்தி பிந்திப் போச்சுது. உங்களுக்கு இப்ப பிந்தேல்லை."

வெளியே, வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளை மடுவத்திலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் போனார்கள். எல்லாரும் எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் தலைவி கேட்டார்: "நாக்கு போயிருமா? சோறு இல்லன்னாக்கூட இருந்துருவேன். நான் பேசலன்னா இங்க யாரு பேசுறது?"

பெரிய டொக்டர் உடனே ஆறுதலாக ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் யோசித்து, "முழுக்கப் போகாது. ஓரத்திலை கொஞ்சம் வெட்டவேணும். பேச்சு கொஞ்சம் மாறும். மாறாது எண்டு நான் பொய் சொல்லமாட்டன். ஆனா கதைக்கலாம்" என்றார்.

"யோசிச்சுச் சொல்லுறேன்" என்றார் தலைவி. அவ்வளவுதான். மலையிறங்கி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பெரிய டொக்டர், "எனக்கு ஆக்களோடை கதைக்கத் தெரியாது, பிள்ளை. அதுதானே இந்த வேலைக்கு வந்தனான்" என்றார். நானும் காரியம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிளினிக் நாளன்று, சத்திரசிகிச்சைப் பிரிவின் வாசலில் உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு தலைவி உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்காமலே, "பேச்சு மாறும்னு சொன்னாங்கள்ல. அப்ப மத்ததும் உண்மையாத்தான் இருக்கும்னு வந்தேன்" என்றார்.

அறுவை முடிந்து, வெட்டியெடுத்த துண்டு எங்களிடம் வந்தது. அதன் ஓரங்களில் நோய் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஓரம் சுத்தமென்றால் நோயை முழுதாக எடுத்தாயிற்று. பெரிய டொக்டர் நான் சீவிக் கொடுத்ததையெல்லாம் பார்த்துவிட்டு, இன்னும் சீவு என்றார். பார்த்துவிட்டு, இன்னும் என்றார். ஒரு கட்டத்தில் மெழுகில் சதையே மிச்சமில்லை என்று காட்டினேன். "சரி. ஓரம் சுத்தம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அன்று அவர் மதியச் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கவே மறந்துபோனார். முகம் தெரிந்தவரின் சதையைப் பார்ப்பது இவ்வளவு கஷ்டமென்று தனக்குத் தெரியாது என்று பிறகு ஒருநாள் சொன்னார்.

தலைவி பிழைத்துக்கொண்டார். றகரமும் ழகரமும் அவர் வாயில் வழுக்கின. முதல் சில மாதங்கள் தராசடியில் அவர் பேசியபோது அந்த உத்தியோகத்தர் விளங்காதது போல நடித்தாராம். தலைவி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். விளங்கும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆராய்ச்சிதான் தோற்றது. சில வருடங்கள் எல்லாரையும் தொடர்ந்து பார்த்துவிட்டு, கொழும்பு இளைஞர் முடிவைச் சொன்னார். அந்தச் சாயம் எதையும் முன்கூட்டிக் காட்டவில்லை. தலைவியின் சதையில்கூட, புற்று ஏற்கெனவே இறங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், பயமில்லை என்றுதான் சாயம் சொல்லியிருந்தது. கண்டி விஞ்ஞானிக்கு அது பல வருட உழைப்பு. தொலைபேசியில் அவர் அழுதது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. பெரிய டொக்டர் அவரிடம், "பயன்படாது எண்டுதான் எழுதவேணும் தம்பி. வேறை ஆக்கள் இதிலை இன்னொருக்கால் காலத்தைச் செலவழிக்கக் கூடாது" என்றார். அப்படியே எழுதினார்கள். சதை கொடுத்தவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அப்படி யாரும் சொல்வதில்லை என்று சிலர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எலுமிச்சங்காயோடு மறுபடியும் பஸ் ஏறினோம். பிள்ளை மடுவத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். "நாங்கள் தேடினது கிடைக்கேல்லை" என்று ஆரம்பித்து, அவருக்கே உரிய நேரான நடையில் எல்லாவற்றையும் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "அப்ப நாங்க குடுத்த சதையெல்லாம் வீணாங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

பெரிய டொக்டர் வாய் திறக்குமுன்னே தலைவி எழுந்தார். அவர் சொன்னதைச் சொற்கள் வழுக்காமல் எழுதுகிறேன். "மழக் காலத்துல மொத பஸ்ஸு போகுது. வழியில மண்ணு சரிஞ்சு கெடக்கு. டிரைவரு திரும்பி வந்து, இந்தப் பக்கம் போவாதீங்கன்னு மத்தவங்களுக்குச் சொல்லுறாரு. அவரு ஊரு போய்ச் சேரலதான். அதுக்காக அவரு போனது வீணா? திரும்பி வந்து சொல்லாதவன்தான் தப்பு. இந்தம்மா வந்து சொல்லுறாங்க." பிறகு பெரிய டொக்டரைப் பார்த்து, "அடுத்து எந்த ரோட்டுல போகப் போறீங்க?" என்று கேட்டார். வேறொரு முறையை முயல எண்ணியிருப்பதாகவும், விருப்பமில்லாதவர்கள் சேரத் தேவையில்லை என்றும் அவர் சொன்னார். எங்களோடு வந்திருந்த பல் வைத்தியர் டோர்ச் லைட்டை எடுத்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரிய டொக்டர் இப்போது ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். கண்டியிலிருந்து இப்போது வருவது வேறொரு விஞ்ஞானியின் ஐஸ் பெட்டி. அந்த இரண்டாவது ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. அதிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நான் இன்னமும் மெழுகு சீவிக்கொண்டிருக்கிறேன். வாய்ச் சோதனைக்குத் தோட்டங்களுக்குப் போகும் நாட்களில் சில வேளை நானும் கூடப் போவேன். பூனாகலைப் பக்கம் போனால் தலைவி எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நிற்பார். வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நிற்கும் பெண்களைப் பார்த்து, "வாயத் தொறங்கடி" என்று அதட்டுவார். அந்தச் சொல் அவருக்குச் சரியாக வராது, "தொயங்கடி" என்றுதான் வரும். அதைக் கேட்ட பிறகும் வாயைத் திறக்காமல் நின்ற ஒருத்தியை நான் இதுவரை கண்டதில்லை.