புதைகாட்டு மார்கிரட்

என் தங்கை மார்கிரட் வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். யூகலிப்டஸ் நடுவதற்குக் குறித்து வைத்திருந்த எங்கள் தோட்டத்துப் புதைகாட்டுச் சரிவை மீட்டாள். அதற்குக் கம்பி வேலியும் ஒரு கேட்டும் வாங்கினாள். மேலே ஏறும் சேற்றுப் பாதைக்குக் கல்படி போடவைத்தாள். இந்துக்களும், வேதக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவர்களும் ஒரே நாளில் தங்கள் இறந்தவர்களிடம் போகும் வழக்கம் இன்று எங்கள் தோட்டத்தில் இருக்கிறதென்றால், அதுவும் அவள் தொடக்கியது. இவ்வளவையும் செய்தவளுக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, தொழிற்சங்கத்தில் பதவி இல்லை. எட்டு வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனவள். பள்ளிக்கூடம் அவளுக்கு வாய்க்கவில்லை.

றொசல்ல ஸ்டேசனில் இறங்கி மலை ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம் வரும். மார்கிரட் இருக்கும் லயத்துக் காம்பராக்களில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக உள்ள அந்த அறைகளில், இப்போது அவள் ஒருத்திதான். மற்றக் குடும்பங்களுக்கு ரோட்டோரத்தில் புதிய வீடுகள் கிடைத்தன. தனி ஆளுக்கு வீடில்லை என்று சொல்லிவிட்டதால் அவள் கடைசிக் காம்பராவில் தங்கிவிட்டாள். மழைக்காலத்தில் பக்கத்துச் சுவரைத் தட்டினால் திரும்பத் தட்ட ஆளில்லை. அண்ணன் நான் நோர்வூட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை போய்ப் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கத்தியை எடுத்துக்கொண்டு புதைகாட்டுக்குப் போவாள். எங்கள் ஆட்களின் குழிகளுக்குக் கல்லறை கிடையாது. நிலம் தோட்டத்துடையது, சிமெந்து கட்ட விடமாட்டார்கள். அதனால் அடக்கம் செய்த அன்றே தலைமாட்டில் ஒரு செடியை ஊன்றிவிடுவோம். சிவப்பு குரோட்டன் என்றால் இன்னார், அரளி என்றால் இன்னார் என்று வீட்டுக்கு வீடு தெரியும். மார்கிரட் அந்தச் செடிகளைச் சுற்றிப் புல் வெட்டுவாள். செடி பட்டுப்போயிருந்தால் அந்த வீட்டுக்காரரைத் தேடிப்போய்க் கேட்டு, அதே செடியில் ஒரு கிளையை வைப்பாள்.

கொழுந்து மலையில் இதை வைத்து அவளைக் கேலி செய்வார்கள்.

"என்னா மார்கிரட்டு, பொதகாட்டுக்கா? மாப்பிள்ளை பாக்கவா?" என்பாள் கூடக் கொழுந்தெடுக்கும் பிரியந்தி.

"ஆமாடி. அங்க இருக்கிறவங்க யாரும் சீதனம் கேக்க மாட்டாங்க."

அவள் அங்கே போகத் தொடங்கியது எங்கள் அம்மாவுக்காக. அம்மா இறந்தபோது மார்கிரட்டுக்குப் பதினான்கு வயது. கொழும்பு வீட்டுக்காரர் அவளை அனுப்பி வைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகமும் பார்க்கவில்லை, மண்ணும் போடவில்லை. நான் வைத்த வெள்ளை ரோசாச் செடியைக் காட்டினேன். அன்று முதல் அவளுக்கு அம்மா என்றால் அந்தச் செடிதான்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் புரட்டாசியில், அந்தச் சரிவு வெறும் காடாகக் கிடக்கிறது, யூகலிப்டஸ் போடப்போகிறோம் என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டில் சொன்னார். மார்கிரட் தனியாகத் தோட்டத்து மேனேஜரான துரையின் ஆபீசுக்குப் போனாள். துரை சிங்களவர், மரியாதையானவர். "அங்கே குழி இருக்கிறதென்று காட்டு. பார்க்கிறதுக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் காட்டு. நவம்பர் இரண்டாம் திகதி பின்னேரம் வருகிறேன்," என்றார். அது வேதக்காரர்களின் கல்லறைத் திருநாள். அந்த வருடம் தீபாவளி முடிந்து இரண்டு நாளில் வந்தது.

இவ்வளவு இடத்தையும் ஒருத்தியால் துப்புரவாக்க முடியாது. விளையாட்டுக் கழகத்துத் தலைவர் ஜீவராஜிடம் உதவி கேட்டாள். அவனும் நல்ல பிள்ளை; தீபாவளிக்கு முந்திய ஞாயிறு பையன்களைத் திரட்டிச் சிரமதானம் வைத்தான். அன்று ஞாயிறு என்றும் பாராமல் மார்கிரட்டை மேல்மலைக்குக் கொழுந்தெடுக்கப் போட்டுவிட்டார்கள். பின்னேரம் ஓடிவந்து பார்த்தபோது சரிவு மொட்டையடித்த தலைபோல இருந்தது. புல்வெட்டும் மெசினால் குரோட்டன், அரளி, ரோசா எல்லாவற்றையும் மண்மட்டத்துக்கு அறுத்து, குவித்து, தீயும் வைத்திருந்தார்கள்.

"எப்பிடிக்கா இருக்கு?" என்று கேட்டிருக்கிறான் ஜீவராஜ். "தொர பாத்தா அசந்துருவாரு."

மார்கிரட் கீழே உட்கார்ந்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் அவன், "வேர் இருக்கும்லக்கா, தளிர்க்கும்," என்றானாம்.

"தளிர்க்கும்டா. தொர சனிக்கிழமையே வர்றாரே."

அந்த வாரம் அவள் வேலை முடிந்து ரோட்டோரத்து வீடுகளுக்கெல்லாம் போனாள். எல்லாரிடமும் ஒன்றைத்தான் கேட்டாள். "செடி போயிருச்சு. நீங்க மண்ணு போடும்போது நின்ன எடத்துல வந்து சும்மா நில்லுங்க." தீபாவளி நேரம், வடை கொடுத்தார்கள், வருகிறோம் என்றார்கள்.

சனிக்கிழமை நான் போனபோது அவள் சரிவில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பனிமூட்டம் இறங்கியிருந்தது. வெகுநேரம் ஒருவரும் வரவில்லை. பிறகு கீழேயிருந்து காளியாயி அக்கா மூச்சு வாங்க ஏறிவந்து, அங்கும் இங்கும் நடந்து பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கால்மாட்டுல கந்தப்பன். அவுங்க வீட்டு ஆளு வந்து நின்னாத்தான்டி எனக்கு எடம் புடிபடும். கூப்புடு அவுகள."

அப்படித்தான் அது நடந்தது. ஒருவருக்கும் தன் இடம் தனியாகத் தெரியவில்லை. பக்கத்துக் குழிக்காரர் வேண்டியிருந்தது. காளியாயி அக்கா கந்தப்பன் மகனுக்குப் போன் போட்டார். அவன் வந்து நின்று தனக்கு மேல் குழிக்காரரைக் கூப்பிட்டான். கட்டாரில் இருக்கும் துஷாந்த் வீடியோவில், "இன்னும் கொஞ்சம் எடப்பக்கம், அந்தக் கல்லுக்குக் கீழ," என்று தன் தம்பியை நகர்த்தினான். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகளும் ஏறினார்கள். ஜீவராஜ் ஆள் நின்ற இடமெல்லாம் ஒரு குச்சி அடித்துக்கொண்டே போனான்.

துரை ஜீப்பிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார். மலை முழுக்க ஆட்கள், நிரை இல்லாமல், அசையாமல்.

"என்ன இது, ஸ்ட்ரைக்கா?"

"இல்லீங்க தொர," என்றாள் மார்கிரட். "அவுங்கவுங்க ஆளுங்ககிட்ட நிக்கிறாங்க."

அவர், யூகலிப்டஸ் நடுவதற்கு அடித்திருந்த முளைக்குச்சிகளைப் பிடுங்கச் சொன்னார். "பொறுப்பாக ஒரு ஆள் ஆபீசில் ஒப்பம் வைக்கவேண்டும்." எல்லாரும் அவளைக் காட்டினார்கள்.

இவ்வளவு பேரையும் நிறுத்திவைத்தவளுக்கு நிற்க ஒரு இடம் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அம்மாவுக்கு மண் போடும்போது அவள் அங்கே நின்றதில்லை; போட்டவன் நான்தான். காளியாயி அக்கா வீட்டுக்காரருக்கு வலப்பக்கத்துக் குழிதான் அம்மாவுடையது; அங்கே போய் நின்று, "இங்க வா," என்றேன். அவள் வந்து குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள். மழை பிடித்ததும் எல்லாரும் இறங்கினார்கள். அவள் மட்டும் நின்றாள். அதற்குப் பிறகும் அவள் லயத்துக்கு யாரும் குடிவரவில்லை.

ஆபீசில் கிளாக்கர், கைநாட்டு போதும் என்று மைப்பெட்டியைத் தள்ளியிருக்கிறார். அவள் ஒரு வாரம் தவணை கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, என் பேர எழுதிக் குடுங்க."

"கைநாட்டுப் போதும்னு சொல்றாங்களே?"

"அங்க இருக்கிறவங்க ஒருத்தருக்கும் பேரெழுதுன கல்லு இல்லண்ணே. பாத்துக்குறவ பேராவது எழுத்துல இருக்கட்டும்."

அவளோடு போய், தையல் சோக்கால் அவள் காம்பராக் கதவில் எழுதிக் கொடுத்து, மீதிச் சோக்கையும் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது, ஆளில்லாத காம்பராக் கதவுகளிலெல்லாம் வரிசையாக மார்கிரட், மார்கிரட் என்று இருந்தது. முதல் கதவில் கோணலாக, கடைசிக் கதவில் நேராக.

என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரை ஒப்பமாக இட்ட நாள்: 2024 நவம்பர் 11.