இடைச்சுவரில் ஒரு கதவு

போன வாரம் பல் டொக்டரிடம் போயிருந்தேன். பஞ்சில் எதையோ தொட்டுப் பல்லில் வைத்தார். கராம்பு வாசம் குப்பென்று ஏற, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா, கூசுதா?" என்றார். கராம்பு மணந்தால் எனக்கு ஐஸ்பழம்தான் ஞாபகம் வரும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்போது மாத்தளையில் ஒரு சின்ன மசாலா மில்லில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். தட்டுவதற்குக் கடிதம் அதிகம் இருக்காது. மீதி நேரம் வேடிக்கை பார்ப்பேன், அதில் நான் கெட்டிக்காரி. இறக்குமதிக்குத் தடை, வெளிநாட்டு மெஷின் எதுவும் வாங்க முடியாத காலம். எங்கள் பழைய மெஷினில் கராம்பைப் போட்டால் சூடேறி, எண்ணெய் கசிந்து, சல்லடை அடைத்து, தூளில் கருகல் வாசம் வரும். வாங்கியவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். மில்லை மூட வேண்டி வருமோ என்று செல்லையா முதலாளி சோறு இறங்காமல் திரிந்தார்.

பக்கத்தில் ஹமீது நானாவின் ஐஸ்பழக் கம்பெனி. பிள்ளைகள் குச்சியோடு சப்பும் அதே ஐஸ்பழம். இடைச்சுவரில் ஒரு சின்னக் கதவு. எங்கள் பெல்ட் அறுந்தால் அங்கிருந்து ஒன்று வரும், அவர்கள் மோட்டர் நின்றால் எங்கள் மெக்கானிக் போவார். ஒருமுறை மழைக்கு எங்கள் ஸ்டோர் ஒழுக, கராம்பு மூட்டையொன்றை நானாவின் குளிரறையில் வைத்தோம். வைத்ததை மறந்தும் போனோம்.

சில நாளில் நானா கதவை உதைத்துக்கொண்டு வந்தார்.

"மொதலாளி, என்ட ஐஸ்பழம் பூரா கராம்பு மணக்குது! புள்ளைகள் பல்லுவலி மருந்துன்னு திருப்பித் தாராங்க!"

முதலாளி கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். மூட்டையை இழுத்து வந்து, விறைத்துக் கிடந்ததை அப்படியே மெஷினில் கொட்டினார். மணல்போல அரைபட்டது. சல்லடை அடைக்கவில்லை, வாசம் தெருமுனைவரை போயிற்று. திட்ட வந்த நானா ஒரு சிட்டிகை மோந்து பார்த்தார்.

"அடுத்து சாதிக்காய வச்சுப் பாப்பமா?"

அவருக்கு இதில் என்ன லாபம் என்று இன்றும் யோசிக்கிறேன். சும்மா, பார்க்க ஆசை. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு, தூளின் பேரைக் கேள்விப்பட்டுக் கொழும்புக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். தூள் முழுவதையும் தாங்களே எடுப்பதாகவும், குளிர்ப்பெட்டியும் தருவதாகவும் சொன்னார்கள். செய்முறை மட்டும் வெளியே போகக்கூடாதாம், அந்தக் கதவை அடைத்துவிட வேண்டுமாம். "மில்லு பொழைக்கணுமேம்மா" என்றார் முதலாளி, நான் எதுவும் கேட்காமலே. கதவைக் கல் வைத்துப் பூசிய அன்று, அரைத்துப் பார்க்கவென்று வைத்த எங்கள் சாதிக்காய் மூட்டை நானாவின் குளிரறைக்குள் இருந்தது. போய்க் கேட்க முதலாளிக்குக் கூச்சம், கொண்டுவந்து தர நானாவுக்கு ரோஷம்.

மில் பிழைத்தது, உண்மை. ஆனால் அதன்பிறகு எங்களிடம் புதிதாக எதுவும் பிறக்கவில்லை. கொழும்பு கேட்டதைக் கேட்டபடி அரைத்தோம். இறக்குமதி திறந்ததும் அவர்கள் சொந்தமாக மெஷின் வாங்கிக்கொண்டு எங்களைக் கைவிட்டார்கள். அன்று முதலாளி அந்தச் சுவரையே பார்த்தபடி நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நானாவைப் போய்ப் பாருங்களேன்" என்றேன்.

"எந்த மொகத்தோடம்மா போறது?"

அந்த இடத்தில் இப்போது பெரிய புடவைக்கடை. சுவர் இல்லை, இரண்டு பேரும் இல்லை. குளிரில் விறைத்த சாதிக்காயை அரைத்தால் எப்படி மணக்கும்? கேட்பதற்கு மாத்தளையில் எனக்கு ஆளில்லை.